மூன்றாவது பிள்ளையை யூசியில் பதியவில்லை, வாடகைப் பாக்கி 4,100 பவுண்: என்ன செய்வது?

கேள்வி: அக்கா, நாங்கள் லண்டன் புறநகரில் மூன்று அறை வீடொன்றில் 2021இலிருந்து வாடகைக்கு இருக்கிறோம். வாடகை மாதம் 1,800 பவுண். கணவருக்கு வேர்ஹவுஸில் வேலை. நான்கு கிழமைக்கு ஒருமுறை கைக்கு 1,750 வரும். 11 வயதிலும் 7 வயதிலும் பெண் பிள்ளைகள், 3 வயதில் மகன். சைல்ட் பெனிபிட் மூன்று பேருக்கும் வருகிறது. யூசியில் (யுனிவர்சல் கிரெடிட், வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அரசு தரும் மாத உதவி) மட்டும், மூன்றாவது பிள்ளைக்குக் காசு இல்லை என்று எல்லோரும் சொன்னதால், மகனைப் பதியவே இல்லை. வாடகைக்கென்று அதில் 1,350 கணக்குப் பார்க்கிறார்கள். மொத்தமாக மாதம் 1,870 அளவில் வந்துகொண்டிருந்தது, போன ஒக்டோபரில் திடீரென்று 910 மட்டும் வந்தது. அன்று விழுந்த வாடகையை இன்னும் நிமிர்த்த முடியவில்லை. இப்போது பாக்கி 4,100.

வீட்டுக்காரர் நம்மவர், கோயிலில் பழக்கமானவர். மாத முடிவுக்குள் முழுக்காசும் தராவிட்டால் எழும்பச் சொல்கிறார். தன் தம்பி குடும்பம் வரப்போகிறது என்றும் சொல்கிறார். டிபொசிட் 2,000 காசாகக் கொடுத்தோம், அதற்கு ஒரு கடிதமும் வரவில்லை. இரண்டு பிள்ளைக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார்களாமே, அந்தக் காசு எங்களுக்கும் வருமா? வந்தால் பாக்கிக்குக் கொடுக்கலாமா? அல்லது மாதம் 400 கட்டும் சீட்டைக் கழித்து எடுத்துக் கட்டிவிடவா? கணவர் 'அரசாங்கக் காசிலா பிள்ளை வளர்ப்பது' என்று கோபிக்கிறார். யாழ்ப்பாணத்தில் அவர் பேரில் ஒரு வீடு உண்டு, 71 வயது மாமி, அதாவது கணவரின் அம்மா, அதில் இருக்கிறார். அதையும் யூசிக்குச் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது. நாங்கள் எல்லோரும் பிரித்தானியக் குடியுரிமை உள்ளவர்கள்.

பதில்: தங்கச்சி, முதலில் அந்த மாத முடிவைப் பேசுவோம். வீட்டுக்காரர் போனில் சொன்னார் என்பதற்காக வீட்டை விட்டு இறங்காதீர்கள். கோயில் பழக்கம், ஊர்ப்பழக்கம் என்று வெட்கப்பட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டால், பிறகு உள்ளூராட்சி சபையான கவுன்சிலிடம் வீடு கேட்டுப் போகும்போது "இருக்கக்கூடிய வீட்டை நீங்களாக விட்டு வந்தீர்கள்" என்று கோப்பில் எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்ட குடும்பத்துக்கு நிரந்தரமாக வீடு தேடிக் கொடுக்கும் பொறுப்பு கவுன்சிலுக்கு இல்லாமல் போகும். பாக்கி வைத்ததைவிட அதுதான் பெரிய இழப்பு.

சட்டம் இப்போது எப்படி நிற்கிறது என்றால், 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் வாடகையாளர் உரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. காரணம் சொல்லாமல் எழுப்பும் பழைய 'செக்‌ஷன் 21' நோட்டீஸ் போய்விட்டது. இனி எழுத்தில் காரணத்தோடு செக்‌ஷன் 8 நோட்டீஸ் தர வேண்டும், அதன் பிறகு கோர்ட், கோர்ட் உத்தரவுக்குப் பிறகு பெய்லிஃப், அதாவது வீட்டை மீட்கக் கோர்ட் அனுப்பும் அலுவலர். இந்த வரிசையில் எதையும் தாண்ட முடியாது. பூட்டை மாற்றுவது, மின்சாரத்தை நிறுத்துவது, வாசலில் ஆட்களோடு வந்து நிற்பது எல்லாம் 1977ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், யார் செய்தாலும்.

தம்பிக்கு வீடு வேண்டும் என்பது சட்டம் ஒப்புகிற காரணம்தான். சகோதரரும் அந்தக் கணக்கில் வருவார். ஆனால் அதற்கு 4 மாத நோட்டீஸ் எழுத்தில் வேண்டும். அப்படிச் சொல்லி எடுத்த வீட்டை அதன் பிறகு 12 மாதத்துக்கு வேறு ஆளுக்கு வாடகைக்கு விடவும் முடியாது. பாக்கியைக் காரணம் காட்டினால் நோட்டீஸ் 4 கிழமை. இங்கே ஒரு எண்ணை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: 5,400. உங்கள் மூன்று மாத வாடகை அது. நோட்டீஸ் தரும் நாளிலும் வழக்கு நாளிலும் பாக்கி மூன்று மாதத்தை எட்டியிருந்தால் நீதிபதிக்கு வேறு வழியில்லை, வீட்டைக் கொடுக்கச் சொல்லியே ஆக வேண்டும். (முன்பு இது இரண்டு மாதமாக இருந்தது. அந்தப் பழைய கணக்கில் பார்த்தால் உங்கள் 4,100 எல்லையைத் தாண்டிவிட்டது.) மூன்று மாதத்துக்குக் கீழே இருந்தால், எழுப்புவது நியாயமா என்று நீதிபதி யோசிக்கலாம். மூன்று பிள்ளைகள், இப்போது முழு வாடகையும் கட்டுகிறார்கள், பாக்கிக்குத் தவணையும் கட்டுகிறார்கள் என்றால் பெரும்பாலும் தவணையை ஒழுங்காகக் கட்டும்வரை இருக்க விடுவார்கள். ஆகவே இந்த மாதத்திலிருந்து வாடகை ஒரு பவுணும் குறையக் கூடாது. பழைய பாக்கி நிற்கட்டும், அது வளராமல் இருந்தால் போதும்.

சரி, இனி மகன். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி அதுதான்.

இரண்டு பிள்ளைக் கட்டுப்பாடு, 2017 ஏப்ரல் 6 முதல் பிறந்த மூன்றாவது பிள்ளைக்கும் அடுத்தவர்களுக்கும் பிள்ளைக்கான தொகையைத் தருவதில்லை என்ற விதி. அந்தத் தொகையை மட்டும்தான் அது நிறுத்தியது. வாடகைக் கணக்கில் எத்தனை அறை தேவை என்று பார்க்கும்போது மூன்றாவது பிள்ளையும் ஒரு ஆள்தான், கட்டுப்பாடு இருந்த காலத்திலும் அப்படித்தான். தனியார் வீட்டு வாடகைக்கு யூசி தரும் உச்ச அளவை, எல்எச்ஏ என்பார்கள், அறை எண்ணிக்கையை வைத்தே தீர்மானிக்கிறார்கள். இரண்டு பெண் பிள்ளைகள் என்றால் இருவரும் ஓர் அறையில், பெற்றோர் ஓர் அறையில். ஆக உங்களுக்கு இரண்டு அறை வீதம். மகனைப் பதிந்திருந்தால் ஓர் அறையில் இரண்டு பிள்ளைகளுக்கு மேல் கணக்கிட மாட்டார்கள் என்பதால் மூன்று அறை வீதம் வந்திருக்கும். லண்டனின் வெளிப்பகுதிகளில் இந்த இரண்டு வீதங்களுக்கும் நடுவே மாதம் 200, 300 பவுண் இடைவெளி உள்ள இடங்கள் உண்டு. அரசின் இணையத்தளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் சரியான எண் தெரியும். "காசு இல்லை" என்று சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

கட்டுப்பாடு போனது உண்மை. 2025 நவம்பர் பட்ஜெட்டில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அறிவித்தபடி 2026 ஏப்ரல் முதல் அது இல்லை. ஏற்கெனவே பதிவில் உள்ள பிள்ளைகளுக்கு அந்தத் தொகை தானாகச் சேரும். உங்கள் மகன் பதிவில் இல்லை, ஆகவே தானாக ஒன்றும் வராது. இன்றைக்கே யூசி கணக்குக்குள் போய், சூழ்நிலை மாற்றத்தை அறிவிக்கும் பகுதியில் அவனைச் சேருங்கள். அவனுடைய பிறப்புச் சான்றிதழும் சைல்ட் பெனிபிட் கடிதமும் கையில் இருக்கட்டும். அந்தக் கணக்கிலுள்ள செய்திப் பகுதியான ஜேர்னலில் தனியாக ஒரு செய்தியும் எழுதுங்கள்: மகன் பிறந்ததிலிருந்து எங்களோடுதான் வாழ்கிறான், கட்டுப்பாட்டினால் பதியத் தேவையில்லை என்று தவறாக விளங்கிக்கொண்டோம், வாடகைக்கான அறைக் கணக்கையும் திருத்துங்கள் என்று.

ஏன் இன்றைக்கே என்கிறேன் என்றால், பிந்திச் சொன்ன நல்ல மாற்றத்தைச் சொன்ன மாதத்திலிருந்துதான் கணக்கில் எடுப்பார்கள். உங்கள் கணக்கு மாதம் (யூசி உங்கள் வருமானத்தைக் கணக்குப் பார்க்கும் ஒரு மாதக் காலம்) முடிவதற்கு முதல் நாள் சொன்னாலும் அந்த மாதம் முழுவதற்கும் வரும். ஒரு நாள் பிந்தினால் ஒரு மாதக் காசு போகும். பழைய மாதங்களுக்குக் கேட்கலாமா என்றால், தக்க காரணம் இருந்தால் 13 மாதம்வரை நீட்டிக்க விதியில் இடமுண்டு. "தேவையில்லை என்று நினைத்தோம்" என்பதைத் தக்க காரணமாகப் பெரும்பாலும் ஏற்பதில்லை. கேளுங்கள், ஆனால் அந்தக் காசை நம்பி வீட்டுக்காரருக்கு வாக்குக் கொடுக்காதீர்கள்.

மகனுக்கான தொகை மாதம் ஏறத்தாழ 304 பவுண். அறை வீதத்தில் ஒரு 250 கூடும் என்று வைத்துக்கொண்டால், 550 அளவில் வரவு உயரும்.

இனி ஒக்டோபர். அந்த மாதம் யாரும் உங்களை ஏமாற்றவில்லை, உங்களைத் தண்டிக்கவும் இல்லை. யூசி மாதக் கணக்கில் ஓடுகிறது, உங்கள் கணவரின் சம்பளம் நான்கு கிழமைக் கணக்கில். வருடத்துக்கு 12 யூசி மாதம், 13 சம்பளம். ஆகவே வருடத்தில் ஒருமுறை இரண்டு சம்பளம் ஒரே கணக்கு மாதத்துக்குள் விழும். அன்று யூசி இரண்டாவது சம்பளத்தின் 55 சதவீதத்தைக் கழிக்கும். 1,750இல் 55 சதவீதம் 962. நீங்கள் எழுதிய 1,870இலிருந்து அதைக் கழித்துப் பாருங்கள், 910 அளவில் வந்து நிற்கும்.

இதிலுள்ள பொறி என்னவென்றால், கூடுதல் சம்பளம் முதலில் வரும், யூசி குறைவது அதன் பிறகு தெரியும். கையில் காசு இருந்த நாட்களில் சப்பாத்தும் பள்ளிக்கூட உடுப்பும் வாங்கியிருப்பீர்கள், அதில் பிழை இல்லை. வாடகை நாள் வரும்போதுதான் யூசி சுருங்கியது தெரிந்திருக்கும். இந்த வருடமும் அப்படி ஒரு மாதம் வரும், அநேகமாக இலையுதிர்காலத்தில். கணவரின் சம்பளத் தேதிகளை வருட முடிவுவரை கலண்டரில் குறியுங்கள், பக்கத்தில் யூசி கணக்கு மாதம் தொடங்கும் தேதியையும் குறியுங்கள். இரண்டு சம்பளம் எங்கே விழுகிறது என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். அந்த இரண்டாவது சம்பளத்தில் 962ஐ அடுத்த வாடகைக்கென்று தொடாமல் வைத்துவிட்டால், மிஞ்சும் 788ஐ பாக்கிக்குக் கொடுக்கலாம்.

இப்போது வீட்டுக்காரருக்கு என்ன சொல்வது? மாதம் முழு வாடகை 1,800, அதோடு பாக்கிக்கு 100. புதிய காசு வரத் தொடங்கியதும் இது உங்களால் முடியும். வருடத்துக்கு 1,200, இரட்டைச் சம்பள மாதத்தில் 788 என்றால் வருடத்துக்கு ஏறத்தாழ 2,000 குறையும். இரண்டு வருடத்தில் பாக்கி முடிகிறது. மாதம் 300 தருகிறேன் என்று வீரமாகச் சொல்லி மூன்றாம் மாதமே தவறுவதைவிட 100ஐத் தவறாமல் கட்டுவது கோர்ட்டில் பத்து மடங்கு பெறுமதி. போனில் பேசுவதைக் குறையுங்கள், எழுத்தில் அனுப்புங்கள். இப்படி அனுப்பலாம்: "வணக்கம் அண்ணா. இன்றைய திகதிக்குப் பாக்கி 4,100 என்று எங்கள் கணக்கு. இந்த மாதத்திலிருந்து வாடகை 1,800 முழுதாகவும் பாக்கிக்கு 100ஆகவும் வங்கி மூலம் கட்டுகிறோம். மகனை யூசியில் சேர்த்திருக்கிறோம். கவுன்சில் உதவிக்கும் விண்ணப்பிக்கிறோம், கிடைத்தால் மொத்தமாகக் குறைப்போம். உங்கள் சம்மதத்தை இதற்குப் பதிலாக எழுதிவிடுங்கள்." அவர் சம்மதிக்காவிட்டாலும் 100ஐ அனுப்பத் தொடங்குங்கள். காசாகக் கையில் கொடுக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

பாக்கி இரண்டு மாதத்தைத் தாண்டியதால், யூசியின் வாடகைப் பங்கை நேரடியாகத் தனக்கு அனுப்பும்படி அவர் கேட்கவும் முடியும். கேட்டால் பதற வேண்டாம். அவருடைய மனம் கொஞ்சம் ஆறும். ஆனால் அந்தப் பங்கு முழு வாடகைக்குக் காணாது, மிச்சத்தை நீங்கள்தான் அனுப்ப வேண்டும். "யூசி கட்டுகிறது" என்று நினைத்து மிச்சத்தை மறந்து மறுபடி பாக்கிக்குள் போகும் குடும்பங்கள் நிறைய.

டிபொசிட் விஷயத்தில் உங்கள் கையில் ஒரு துருப்புச்சீட்டு இருக்கிறது. டிபொசிட் வாங்கிய 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த திட்டமொன்றில் அதைப் பாதுகாத்து, விவரத்தை உங்களுக்கு எழுத்தில் தர வேண்டும். செய்யாதவரிடமிருந்து டிபொசிட்டின் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்குவரை, அதாவது 2,000 முதல் 6,000 வரை, கோர்ட் உங்களுக்கு வாங்கித் தரலாம். பாக்கி வழக்கு வந்தால் எதிர்வழக்காக இதை வைத்து அந்தத் தொகையைப் பாக்கியில் கழிக்கவும் இடமுண்டு. மேலும், டிபொசிட் குறையைச் சரிசெய்யாமல் பெரும்பாலான காரணங்களில் அவரால் கோர்ட் உத்தரவும் பெற முடியாது. மூன்று திட்டங்களின் இணையத்தளத்திலும் உங்கள் பெயரையும் விலாசத்தையும் போட்டுத் தேடுங்கள். ஒன்றிலும் இல்லையென்றால் அந்தத் திரையைப் படமெடுத்து வையுங்கள். 2021இல் வங்கியில் 2,000 எடுத்த பதிவு, அது பற்றிப் போனில் வந்த செய்திகள், ஒப்பந்தத்தில் டிபொசிட் என்று எழுதிய பக்கம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். இந்த வழக்குக்கு ஆறு வருடக் காலவரையறை உண்டு என்பதால் அடுத்த வருடம்வரை தள்ளிப் போடாமல் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இதைச் சொல்லி இப்போதே அவரை வெருட்டுவது என் யோசனை இல்லை. வெருட்டினால் நாளைக்கே டிபொசிட்டைத் திருப்பித் தந்துவிட்டு நோட்டீஸைக் கையில் கொடுப்பார்.

எழுத்தில் நோட்டீஸ் வந்துவிட்டால் அன்றைக்கே இரண்டு கதவுகள் திறக்கும். வீட்டை இழக்கும் ஆபத்தில் இருப்பவர்களுக்கு 2023 ஓகஸ்ட் முதல் அரச செலவில் சட்ட ஆலோசனை உண்டு. வருமானம் எவ்வளவு என்று கேட்க மாட்டார்கள், வழக்கு நாளில் கோர்ட்டிலும் ஒருவர் உங்களுக்காகப் பேசுவார். மற்றது கவுன்சிலின் வீட்டுப் பிரிவு. 56 நாளுக்குள் வீடிழக்கும் நிலை என்றால் அதைத் தடுக்க உதவுவது கவுன்சிலின் சட்டக் கடமை, பிள்ளைகள் உள்ள குடும்பம் முன்னுரிமையில் வரும். 'பிரீதிங் ஸ்பேஸ்' என்ற 60 நாள் கடன் நிறுத்தமும் இருக்கிறது. கடன் ஆலோசகர் மூலம் அதை எடுத்தால் அந்த நாட்களில் பழைய பாக்கியைக் காரணம் காட்டி நோட்டீஸ் தர முடியாது. அதை 12 மாதத்துக்கு ஒருமுறைதான் எடுக்கலாம், ஆகவே இப்போது செலவழிக்காமல் வைத்திருங்கள்.

நோட்டீஸுக்குக் காத்திராமல் இந்த வாரமே செய்ய வேண்டிய விண்ணப்பம் ஒன்று: கவுன்சிலின் நெருக்கடி மற்றும் மீண்டெழும் நிதி. முன்பு டிஎச்பி என்று இருந்த வாடகை உதவி இங்கிலாந்தில் 2026 ஏப்ரலிலிருந்து இதற்குள் போய்விட்டது. வாடகைக்கும் யூசி தருவதற்கும் உள்ள இடைவெளிக்கும், சில கவுன்சில்களில் பாக்கிக்கும் கொடுப்பார்கள். உரிமையாக வரும் காசு இல்லை, அதிகாரியின் தீர்மானம். ஆகவே கதையைத் தெளிவாக எழுதுங்கள்: ஒக்டோபரில் என்ன நடந்தது, மகனை ஏன் பதியவில்லை, இனி ஏன் மறுபடி பாக்கி விழாது. கவுன்சில் டாக்ஸ் குறைப்பு யூசியோடு தானாக வராது, அதற்குத் தனி விண்ணப்பம். நம்மவர்கள் வருடக்கணக்காகத் தவறவிடுவது இதைத்தான்.

அந்த விண்ணப்பத்தோடு வங்கிக் கணக்கையும் கேட்பார்கள். அதில் மாதம் 400 யாரோ ஒருவருக்குப் போவது தெரியும். இங்கே கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன், குறை நினைக்க வேண்டாம். வாடகை தவறிய மாதங்களிலும் சீட்டுத் தவறவில்லை. சீட்டுத் தவறினால் நாலு பேர் முன்னால் மரியாதை போகும், வாடகை தவறினால் வீட்டுக்காரர் ஒருவர்தான் பேசுவார் என்று மனம் கணக்குப் போடுகிறது. கவுன்சில் அதிகாரியோ "வாடகைக்கு இருந்த காசைச் சேமிப்பில் போட்டிருக்கிறார்கள்" என்றுதான் படிப்பார். வேண்டுமென்றே வாடகை கட்டாமல் வீடிழந்தார்கள் என்ற முடிவுக்கும் அது இழுத்துப் போகலாம். சீட்டு என்றால் என்ன, நடுவில் விட்டால் கட்டியது என்னாகும், எத்தனை மாதம் மிச்சம் என்று ஒரு பந்தியில் விளக்கி எழுதிக் கொடுங்கள்.

கழித்து எடுப்பதா என்றால், வேண்டாம். அவசரத்துக்குக் கூறும் கழிவு பெரிதாகத்தான் இருக்கும், எடுத்த பிறகும் முடியும்வரை மாதம் 400 கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 4,100 பாக்கியை அடைக்க ஆயிரம் பவுணைத் தூக்கிக் கொடுப்பதில் எந்த லாபமும் இல்லை. பாக்கி எல்லைக்குக் கீழே நிற்கும்வரை அதைத் தவணையில் கட்டலாம். சீட்டுக் கடைசிக்கு வரும்போது கழிவில்லாமல் கிடைக்கும் காசில் மிச்சப் பாக்கியை முடியுங்கள், அடுத்த சீட்டில் சேராதீர்கள். சேமிப்பெல்லாம் கூட்டி 6,000ஐத் தாண்டினால் யூசிக்குச் சொல்ல வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

உங்கள் கணவருக்கு ஒரு வார்த்தை. தம்பி, நீங்கள் முழுநேரம் வேலை செய்து வரி கட்டுகிறீர்கள். இந்த நாட்டில் வறுமையில் வாழும் பிள்ளைகள் பத்துப் பேரில் ஏழு பேரின் வீட்டில் யாரோ ஒருவர் வேலை செய்கிறார். 2023-24 கணக்கில் வீட்டுச் செலவைக் கழித்துப் பார்த்தால் 45 லட்சம் பிள்ளைகள், 31 சதவீதம், வறுமையில் இருந்தார்கள். சம்பளம் போதாதது உங்கள் சோம்பேறித்தனம் இல்லை. 1,800 வாடகை என்பது உங்கள் ஒரு சம்பளத்தையே விழுங்கி இன்னும் 50 கேட்கிறது.

அரசு செய்வதைப் பற்றி நான் நினைப்பதையும் சொல்லிவிடுகிறேன். 1999இல் அன்றைய பிரதமர் டொனி பிளேயர் ஒரு தலைமுறைக்குள் சிறுவர் வறுமையை ஒழிப்போம் என்றார். 2010இல் அதற்கென்று இலக்குகளோடு சட்டம் வந்தது, 2016இல் அந்த இலக்குகளை நீக்கினார்கள், அடுத்த வருடமே இரண்டு பிள்ளைக் கட்டுப்பாடு வந்தது. 2024 ஜூலையில் அதை நீக்கச் சொல்லி வாக்களித்த தன் உறுப்பினர்கள் ஏழு பேரைத் தொழிற்கட்சி இடைநிறுத்தியது, ஒன்றரை வருடத்துக்குள் அதே கட்சி அதை நீக்குவதாக அறிவித்தது. கட்டுப்பாட்டை நீக்குவதால் 2030 அளவில் 4 லட்சத்து 50 ஆயிரம் பிள்ளைகள் வறுமையிலிருந்து வெளிவருவார்கள் என்று அரசு மதிப்பிடுகிறது. நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் எல்எச்ஏ வீதத்தை 2024 ஏப்ரலிலிருந்து உறைய வைத்திருக்கிறார்கள், வாடகை உறையவில்லை. ஒரு கையால் பிள்ளைக்குக் கொடுப்பதை வீட்டுக்காரர் மறு பக்கத்தில் வாங்கிக்கொள்கிறார். கன்சர்வேட்டிவ் கட்சியோ கட்டுப்பாட்டை மீண்டும் கொண்டுவருவோம் என்கிறது. எனவே இந்த 304 என்றைக்கும் வரும் என்று நினைத்துப் புதிய கடன் எதற்கும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு குடும்பம் மொத்தமாக வாங்கக்கூடிய அரச உதவிக்கு உள்ள பெனிபிட் உச்சவரம்பும் அப்படியே இருக்கிறது. லண்டனில் குடும்பத்துக்கு வருடம் 25,323, மாதம் 2,110. உங்கள் கணவர் மாதம் ஏறத்தாழ 880க்கு மேல் உழைப்பதால் இந்த வரம்பு இன்று உங்களைத் தொடாது. வேலை போனால் தொடும். யூசி, சைல்ட் பெனிபிட் எல்லாம் சேர்த்து 3,500 அளவில் வரவேண்டிய இடத்தில் 2,110தான் வரும், வாடகை போக 310 மிஞ்சும், ஐந்து பேருக்கு. அதற்கு முந்தைய 12 மாதமும் அந்த அளவுக்கு உழைத்திருந்தால் 9 மாதம் வரம்பைப் பிரயோகிக்க மாட்டார்கள். நீங்கள் பகுதிநேர வேலை யோசிப்பதாக இருந்தால் இந்தக் காரணத்துக்காகவே யோசிக்கலாம். இரண்டு பேரின் உழைப்பையும் சேர்த்துத்தான் அந்த 880ஐப் பார்ப்பார்கள்.

மூத்தவள் 11 வயது என்றால் செப்டம்பரில் செக்கண்டரிக்குப் போகிறாள் என்று நினைக்கிறேன். லண்டன் மேயரின் இலவச மதியச் சாப்பாடு ஆரம்பப் பள்ளியோடு முடிந்துவிடும். 2026 செப்டம்பரிலிருந்து யூசி எடுக்கும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் இங்கிலாந்தில் இலவசச் சாப்பாடு உண்டு, சம்பள அளவு பார்க்க மாட்டார்கள். புதிய பள்ளிக்கூடத்தில் அல்லது கவுன்சிலில் கோடை விடுமுறைக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

கடைசியாக யாழ்ப்பாண வீடு. வெளிநாட்டிலுள்ள சொத்தும் யூசியில் சொத்துத்தான். 16,000க்கு மேல் பெறுமதியான சொத்து இருந்தால் யூசியே கிடையாது என்பதால்தான் எல்லோரும் பயந்து மறைக்கிறார்கள். ஆனால் ஓய்வூதிய வயதைத் தாண்டிய நெருங்கிய உறவினர் தம் வீடாகக் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் விட விதி இருக்கிறது. பெற்றோர், மாமனார், மாமியார் எல்லோரும் நெருங்கிய உறவினரில் அடக்கம். மாமிக்கு 71 வயது, அவர் அங்கேதான் இருக்கிறார் என்றால் அநேகமாக அந்த வீட்டால் உங்கள் யூசிக்கு ஒன்றும் ஆகாது. மறைத்து வைத்திருந்து அவர்களாகக் கண்டுபிடித்தால்தான் விசாரணை, திருப்பிக் கட்டு என்று கதை நீளும். ஜேர்னலில் எழுதும் முன் ஒரு முறை இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ உங்கள் கவுன்சிலின் பெனிபிட் ஆலோசகரிடமோ வீட்டு உறுதிப் பத்திரத்தின் பிரதி, மாமியின் அடையாள அட்டைப் பிரதி, அந்த விலாசத்துக்கு அவர் பேரில் வரும் மின்சாரப் பட்டியல் ஆகியவற்றோடு போங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், ஒழுங்கு செய்து தருவார்கள். காணி பேரில் வேறு பங்காளிகள் இருந்தாலும், மாமிக்குப் பின் வீடு என்னாகும் என்று ஏற்கெனவே பேச்சு நடந்திருந்தாலும் அதையும் ஆலோசகரிடம் சொல்லுங்கள். மாமி அந்த வீட்டை விட்டுக் கொழும்புக்கோ கனடாவுக்கோ போகும் நாளில் மேலே சொன்ன விலக்கு நின்றுவிடும், அன்று யூசிக்கு மறுபடி அறிவிக்க வேண்டும்.